பாட்டினாவுக்குத் தமிழ்: களிம்பா, கறளா, மூப்பு நிறமா?

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கக் குதிரைப்படையின் 1873ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன் (குட்டைக் குழல் துப்பாக்கி) ஒன்றின் நிலைக்குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. 22 அங்குலக் குழலின் கருநீலம் மங்கிச் சீரான கருப்பட்டி நிறம் ஏறியிருக்கிறது. இடப்பக்க இரும்புத் தண்டில் தோள்வாரை மாட்டும் வளையம் ஓடி ஓடித் தேய்ந்த இடம் மட்டும் மின்னுகிறது. சேகரிப்பாளர்கள் அந்தக் கருப்பட்டி நிறத்தைப் ‘பாட்டினா’ என்கிறார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை விழுந்துவிடும். ‘துரு’ என்றால் குறையாகத் தொனிக்கிறது. வேறு சொல் உண்டா?

———

களிம்பு இருக்க ஏன் கவலை? நெல்லுக்கு உமி, செம்புக்குக் களிம்பு. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவம் என்ற அழுக்குக்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமை. வெளியிலிருந்து ஒட்டியதல்ல, உடன்பிறந்தது. (உமி பற்றி மேலும் இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன்.)

———

ஐயா, அந்தக் களிம்பு நீங்க வேண்டியது. இது நீங்கக் கூடாதது! போதாக்குறைக்கு இது இரும்பு. 1876இல் அமெரிக்கக் குதிரைப்படை பூர்வகுடிகளிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இதே மாதிரிக் கார்பைன்களில் சில செப்புத் தோட்டாக் கூடுகள் உள்ளே சிக்கி, வீரர்கள் கத்தியால் நெம்ப வேண்டியதாயிற்று. தோல்வாரில் செருகிய செம்பில் பிடித்த களிம்பும் ஒரு காரணம் என்பார்கள். ஒரே குறிப்பில் களிம்பு கெடுதலாகவும் பெருமையாகவும் வந்தால் வாசகர் எதை நம்புவார்?

———

எங்கள் யாழ்ப்பாணத்தில் இரும்புத் துருவுக்குக் ‘கறள்’தான். ஆனால் கறள் பிடித்த துவக்கைக் காசு கொடுத்து யார் வாங்குவார்? பாலில் படிவது ஆடை. கால + ஆடை = காலவாடை. எப்படி?

———

புணர்ச்சி சரி. என் மனைவி படித்துவிட்டு, “துப்பாக்கி நாறுகிறதா?” என்று கேட்டார். துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்தது; பாட்டினாவை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறோம்? அப்படியே எழுதுங்கள்.

———

நன்றி. அப்படியே எழுதினால் முதல்முறை படிப்பவருக்குப் புரியாது. நான்கு பேர் தனிமடலில் சம்மதித்ததால் ‘மூப்பு நிறம்’ என்றே அனுப்பிவிட்டேன். துப்பாக்கியின் மரக்கட்டைக்கும் பொருந்துகிறது.

———

மூப்பு நரைக்கும் திரைக்கும் உரியது, இரும்புக்கு அன்று. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உமி பற்றிய பத்திகளை நாளை அனுப்புகிறேன்.