ரஹ்மானின் செம்மொழிப் பாட்டு: பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?

ரோஸ் ஹில் மாலை வகுப்பு:

எல்லாருக்கும் வணக்கம். மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு கோவிலில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷப்பிறப்பு நிகழ்ச்சிக்கு என்ன பாடலாம் என்று உட்கார்ந்து பேசினோம். பெரிய பிள்ளைகள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் கேட்டார்கள். 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தாரே, அந்தப் பாட்டு. அவ்வளவுதான், பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருவர் அது தமிழுக்கே அவமானம் என்கிறார், இன்னொருவர் அதைக் கேட்டால் இன்றைக்கும் தனக்குக் கண் கலங்குகிறது என்கிறார். ரஹ்மானின் வேறு எந்தப் பாட்டுக்கும் எங்கள் கோவிலில் இப்படிச் சத்தம் வந்ததில்லை.

நான் ரோஜா கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு வளர்ந்தவள், 1992-லிருந்து அவர் ரசிகை. அப்படிப்பட்ட நானே இந்தப் பாட்டுக்கு 6 தான் கொடுப்பேன். ஆரம்பம் அருமை. நடுவில் இவ்வளவு குரல், இவ்வளவு இசை வகை, ஒன்று மனதில் தங்குவதற்குள் அடுத்தது வந்து அதைத் தள்ளிவிடுகிறது. பல்லவி வரும்போதுதான் மூச்சு விட முடிகிறது.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், பன்னிரண்டு வயது. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழில் அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததே இல்லை, கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். இந்தப் பாட்டைப் போட்ட அன்று பின்வரிசையிலிருந்து பல்லவியைச் சத்தமாகப் பாடினான். அதற்குப் பிறகு 6 என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் எத்தனை கொடுப்பீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். பாடலாமா வேண்டாமா என்றும் சொல்லுங்கள்.

மோக்கா வாத்தியார்:

4. அந்த நாலும் டி. எம். சௌந்தரராஜனுக்கு.

அம்மா, நான் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். 1989-இல் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு நம் மோக்காவில் நடந்தபோது வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்த பையன்களில் நானும் ஒருவன். கோலாலம்பூர், சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம், மதுரை, மறுபடியும் கோலாலம்பூர் என்று சுற்றி நம் சின்னத் தீவுக்கு வந்த மாநாடு அது. அதனால் மாநாட்டுப் பாட்டு என்றால் எனக்கு ஒரு எதிர்பார்ப்பு உண்டு.

ராப் வந்ததும் எலக்ட்ரிக் கிட்டார் வந்ததும் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. என் குறை வேறு. அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். குறளின் பாதி, உடனே புறநானூறு. "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்பது 972-ஆவது குறள். அடுத்து வர வேண்டியது "சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்". பிறப்பில் எல்லாரும் ஒன்று, செய்கிற தொழிலால்தான் பெருமை வேறுபடும் என்று முழுக் கருத்தும் அந்த இரண்டாம் பாதியில்தான் முடிகிறது. பாட்டில் அது இல்லை. அந்த இடத்தில் கணியன் பூங்குன்றனார் வந்துவிடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குறள் ஒப்புவித்தல் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன், ஒரு சின்னப் பெண் மேடையில் ஏறி இந்தக் குறளைத் தொடங்கி, "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்று முடித்தாள். ரொம்ப நம்பிக்கையாக, சிரித்துக்கொண்டே. நான் என்ன மதிப்பெண் போடுவது சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் வீட்டில் தாத்தா திருத்துவார், பள்ளியில் டீச்சர் திருத்துவார். இங்கே யார் திருத்துவது? நம் பிள்ளைகளுக்குப் பாட்டில் வருவதுதான் மூலநூல்.

அப்புறம் ழகரம். என் காதுக்குச் சில குரல்களில் தமிழ் "தமில்" ஆகிறது, சிலவற்றில் "தமிள்" ஆகிறது. மொழியின் பெயரையே வாழ்த்துகிற பாட்டில் அந்த ஓர் எழுத்தையாவது ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சரி செய்திருக்கலாம். டி. எம். எஸ். முதல் வரியைப் பாடும்போது எழுத்து எழுத்தாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது, அந்த வயதிலும். அதைக் கேட்ட காதுக்கு மற்றது இறங்கவில்லை.

ரவான் கைகள்:

வாத்தியார் ஐயா, உங்கள் மேல் எனக்கு ரொம்ப மரியாதை, ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. என் மதிப்பெண் 9.

நான் கத்ர் போர்ன் பக்கம். வார நாளில் அலுவலகம், சனி ஞாயிறு நம் தீவின் நாட்டுப்பாட்டான சேகா பாடும் குழுவில் ரவான் என்கிற தோல் வாத்தியம் வாசிக்கிறேன், தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலத்தில் பாடுகிறேன். குருட்டு ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள், அதே 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு ரஹ்மான் போட்ட பாட்டு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதற்கு 3 கூடக் கொடுக்க மாட்டேன். அது யாருக்காகப் பாடப்படுகிறது என்றே எனக்குப் புரியவில்லை. செம்மொழிப் பாட்டு அப்படி இல்லை.

யார் யார் பாடுகிறார்கள் என்று பாருங்கள். டி. எம். எஸ். 1922-இல் பிறந்தவர், அப்போது அவருக்கு 88. சுருதி ஹாசனுக்கு 24. நடுவில் பி. சுசீலா, ஹரிஹரன், யுவன், சின்மயி. கச்சேரி மேடையிலிருந்து அருணா சாய்ராம், பாம்பே ஜெயஸ்ரீ, டி. எம். கிருஷ்ணா. கிராமத்துப் பாட்டிலிருந்து சின்னப்பொண்ணு. ராப் பாட பிளேசி. கச்சேரிக்குப் போகிறவர் சின்னப்பொண்ணுவைக் கேட்க மாட்டார், ராப் கேட்கிற பையன் சுசீலாம்மாவைக் கேட்க மாட்டான், ஆறு நிமிஷத்துக்கு எல்லாரையும் ஒரே பல்லவியில் உட்கார வைத்திருக்கிறார் மனுஷன். ரோஸ் ஹில் அக்கா, குரல் மாறிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னீர்கள். காவடியில் நாம் என்ன செய்கிறோம்? முன்னால் ஒருவர் அடி எடுத்துக்கொடுக்கிறார், பின்னால் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சுருதியில், ஆளுக்கு ஓர் உச்சரிப்பில் திருப்பிச் சொல்கிறார்கள், நாக்கில் அலகு குத்தியவர்கள் மட்டும்தான் சும்மா வருகிறார்கள். அதில் யாருடைய ழகரத்தையும் நாம் எண்ணுவதில்லை.

இசை ஒட்டவில்லை என்கிறவர்கள் ஒரு தடவை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வெறும் சத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ரஹ்மான் பாட்டு முதல் தடவை பிடிக்காது, பத்தாவது தடவை விடாது என்று சும்மாவா சொல்கிறார்கள்? எனக்கு இதில் அது பதினைந்தாவது தடவை நடந்தது.

அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், தோல் வாத்தியம் இன்னும் முன்னால் வந்திருக்க வேண்டும். ரவான் ஆட்டுத்தோல், வாசிப்பதற்கு முன்னால் நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் பேசும். தமிழ்நாட்டில் பறையையும் அப்படித்தான் காய்ச்சுகிறார்கள். நான் இதை முதன்முதலில் ஒரு காணொளியில் பார்த்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தமிழின் பழமையைப் பாடுகிற பாட்டில் நெருப்பில் காய்ந்த தோலின் சத்தம் தலைமேல் விழ வேண்டும் என்று எனக்கு ஆசை.

போர்ட் லூயி பழைய கேசட்:

நான் எண் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை.

அந்தப் பாட்டு வெளியானது 2010 மே. இலங்கையில் போர் முடிந்தது 2009 மே. சரியாக ஓராண்டு. வன்னியிலிருந்து வந்த படங்களை இங்கே எத்தனை வீட்டில் பார்த்து அழுதோம், கயிலாசம் கோவிலில் எத்தனை பேர் விளக்கு ஏற்றி வைத்துவிட்டுப் பேசாமல் நின்றோம். அந்த நேரத்தில் மாநாடா என்று உலகம் முழுக்கத் தமிழர்கள் கேட்டார்கள், பலர் போகவில்லை. வரிகளைத் தொகுத்து எழுதியவர் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி. அதனால் பாட்டின் மேல் இருந்த கோபத்தில் எவ்வளவு இசைக்கானது, எவ்வளவு அந்த வருஷத்துக்கானது என்று என்னால் பிரிக்கவே முடியவில்லை. அன்பைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் அதில் வருகிற இடங்களில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. ரஹ்மான் மேல் கோபம் இல்லை. ஆஸ்கார் மேடையில் உலகமே பார்க்க "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்ன மனிதர் அவர், அன்றைக்குக் காலையில் என் அம்மாவை எழுப்பிக் காட்டினேன். ஆனால் இந்தப் பாட்டை நான் தேடிப் போய்க் கேட்பதில்லை. பிள்ளைகள் பாடட்டும், அவர்களுக்கு அந்த வருஷத்தின் பாரம் வேண்டாம்.

இன்னொன்று. வாத்தியார் விட்டுப்போன பாதிக் குறளைச் சொன்னார், எனக்கு விட்டுப்போன பாதிப் புறநானூறு. 192-ஆவது பாட்டில் "யாதும் ஊரே" எல்லாருக்கும் தெரியும். அதே பாட்டில் கீழே, பெரிய ஆற்று வெள்ளம் இழுத்துக்கொண்டு போகிற தெப்பம் மாதிரிதான் உயிர் என்று வருகிறது, "நீர்வழிப் படூஉம் புணைபோல்". அப்ரவாசி காட் படிகளில் போய் நின்றுகொண்டு அந்த வரியைப் படித்துப் பாருங்கள். 1834-லிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் கப்பலாக இறங்கிய இடம். எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்று தெரியாமல் ஏறி வந்தவர்களின் பேரன் பேத்திகளுக்கு "யாதும் ஊரே" என்பதைவிட அந்தப் புணைதான் நெருக்கம். அது பாட்டில் இல்லை என்பது எனக்குக் குறை.

சேன் ஆந்த்ரே தங்கை:

பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன், ரெயூனியன். பிழை இருந்தால் மன்னிக்கவும், நான் தமிழ் எழுத்தே முப்பது வயதில்தான் கற்றேன். எங்கள் வீட்டில் தமிழ் சாமிக்கு முன்னால் மட்டும்தான், பொருள் தெரியாமல் மந்திரம் போல் சொல்வோம்.

எனக்கு 10. என் முதல் வாசிப்புப் புத்தகமே இந்தப் பாட்டுத்தான். வரிகளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன், பாட்டை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். வேகமாகப் போகிறது என்று நீங்கள் சொல்வது உண்மை, ஒரு வரிக்கு எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. சிலம்பு, மேகலை, தொல்காப்பியம் என்ற பெயர்களை நான் முதலில் கேட்டது அங்கேதான், அப்புறம்தான் அவை என்ன என்று தேடினேன். வாத்தியார் ஐயா, அந்தச் சின்னப் பெண் தவறாகச் சொன்னாள், சரி. ஆனால் அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவளுக்கு அந்தப் பாதிக் குறளாவது வாயில் வந்திருக்குமா?

மோக்கா வாத்தியார்:

வந்திருக்கும் அம்மா, நான் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை. நீங்கள் கேட்டதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரவான் தம்பிக்கு ஒன்று. காவடியில் உச்சரிப்பை எண்ணுவதில்லை என்பது சரி, அது முருகனுக்கு, அவன் எப்படிச் சொன்னாலும் எடுத்துக்கொள்வான். மாநாட்டுப் பாட்டு உலகத்துக்குக் காட்ட வைத்தது. இந்த நாட்டில் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு 1998-இல் நம் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். இந்திக்குக் கீழே தமிழைத் தள்ளி அச்சடித்த நோட்டுகளைத் திரும்ப வாங்க வைத்தோம். ஒரு நோட்டில் ஒரு வரிக்கே அவ்வளவு என்றால், ஓர் எழுத்தின் ஒலிக்கு நான் கேட்பது அதிகம் இல்லை. என் மதிப்பெண் 4 தான், மாற்றவில்லை.

ரோஸ் ஹில் மாலை வகுப்பு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு மனசு வைத்து எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நேற்று மறுபடி கூடிப் பேசினோம். பாடப் போகிறோம். முழுப் பாட்டையும் அல்ல, எங்கள் பிள்ளைகளால் அந்த வேகத்தில் எல்லாவற்றையும் பாட முடியாது. முதலில் மூன்று பிள்ளைகள் முழுக் குறளையும் சொல்வார்கள், இரண்டாம் பாதியோடு. அடுத்து புறநானூறு 192, புணை வருகிற இடம் வரை, கிரியோலில் பொருளும் சொல்வார்கள், கேட்கிற பெற்றோரில் பாதிப் பேருக்கு அப்போதுதான் புரியும். அதற்குப் பிறகு பாட்டு. பழைய கேசட் ஐயா, புணையைச் சேர்க்கச் சொன்னது அந்தப் பின்வரிசைப் பையன், நான் உங்கள் பதிவை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது.

என் 6 இப்போது 7. ஹெட்போனில் கேட்டேன், சின்னப்பொண்ணு வருகிற இடம் இதுவரை என் காதில் சரியாகவே விழுந்ததில்லை.

இரண்டு உதவி வேண்டும். வாத்தியார் ஐயா, 4 கொடுத்தவர் என்றாலும் பரவாயில்லை, ஒரு நாள் வந்து ழகரம் மட்டும் சொல்லிக்கொடுக்க முடியுமா? எனக்கே சில நேரம் நழுவுகிறது. ரவான் தம்பி, எங்களிடம் இருப்பது ஒரு கீபோர்டும் இரண்டு தாளமும்தான். தோல் வாத்தியம் முன்னால் வர வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

மோக்கா வாத்தியார்:

வருகிறேன். பிள்ளைகளை வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள், நாக்கு நுனி மேலே மடங்க வேண்டும், எங்கேயும் ஒட்டக் கூடாது. அதற்கு முன்னால் பாட்டைப் போட வேண்டாம்.

ரவான் கைகள்:

சனிக்கிழமை எத்தனை மணிக்கு அக்கா? கோவில் கொல்லையில் கொஞ்சம் நெருப்பு மூட்ட இடம் இருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள், மழை நாளில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும், நடுவில் ஒரு தடவை காய்ச்ச வேண்டியிருக்கும்.