காலையில் ஆஃப்பாயில்: தினமும் சாப்பிடலாமா?

அம்மாப்பேட்டை வாசி:

வணக்கங்க, சேலத்திலிருந்து. எங்கள் வீட்டில் காலை டிபன் இட்லி, தோசை, வாரத்தில் இரண்டு நாள் ஜவ்வரிசி உப்புமா. இதோடு ஆளுக்கு இரண்டு ஆஃப்பாயில் சேர்க்கலாமா என்று யோசனை. எண்ணெயில் போட்டால் சத்தெல்லாம் போய்விடும், அவித்த முட்டைதான் நல்லது என்கிறார்கள். மஞ்சள் கருவை எடுத்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு. நாங்கள் இரண்டு பேர் நாற்பதுக்குள், 4 வயதுக் குழந்தை, 67 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். எந்த எண்ணெய், எவ்வளவு? கல்லில் ஒட்டிக்கொள்கிறது என்று எண்ணெயைத் தாராளமாக விட வேண்டியிருக்கிறது, முக்கியத் தலைவலி அதுதான்.

சத்துக்கணக்கு:

ஓட்டை நீக்கி 50 கிராம் வரும் முட்டை ஒன்றில் சுமார் 72 கலோரி, 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) ஒன்றரை கிராம்தான். கல்லில் போட்டதால் புரதம் எங்கும் ஓடிவிடாது. பச்சை முட்டையைவிட வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், அது அவித்தாலும் குறையும்.

கணக்கு மாறுவது எண்ணெயில். டீஸ்பூன் ஒன்று 40 கலோரி. இரண்டு முட்டைக்கு ஒரு டீஸ்பூன் போதும், மொத்தம் 185க்குள் முடிந்துவிடும். அதே முட்டைக்குக் குழிக்கரண்டியில் எண்ணெய் விட்டு, பொங்கும் எண்ணெயை மேலே அள்ளி அள்ளி ஊற்றினால், தட்டுக்கு வருவதில் பாதி கலோரி எண்ணெயுடையது. அப்புறம் முட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் சரி. செக்கு எண்ணெய் என்றால் புகைய விடாதீர்கள், ரீஃபைண்டை விடச் சீக்கிரம் புகையும். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றிலும் நிறைகொழுப்பு அதிகம், என்றைக்காவது போதும்.

மஞ்சள் கருவை எடுத்துவிட்டால் பி12, வைட்டமின் டி, கோலின் எல்லாம் அதோடு குப்பைக்குப் போகும். வெள்ளையில் புரதத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

முட்டையில் நார்ச்சத்து கிடையாது, வைட்டமின் சியும் கிடையாது. உங்கள் ஜவ்வரிசி உப்புமாவோ முழுக்க மாவுச்சத்து, நிலக்கடலை போடாவிட்டால் புரதம் தேறவே தேறாது. அந்த இரண்டு நாளுக்குத்தான் முட்டை உண்மையாகவே தேவை. கூடவே தக்காளி, வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், கொய்யா என ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

இரும்புக்கல்:

ஒட்டுவதற்கு எண்ணெய் பற்றாமை காரணம் இல்லீங்க. கல் காயாமல் முட்டையை ஊற்றுவது ஒன்று, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கல்லின் பழக்கம் (எண்ணெய் படிந்து வந்த வழவழப்பு) போய்விட்டது இன்னொன்று. ஆறின கல்லில் விழுந்த வெள்ளைக்கரு இரும்போடு பிடித்துக்கொண்டே வேகும். அதன்பின் அரை லிட்டர் எண்ணெய் விட்டாலும் பெயராது.

முட்டைக்கென்று சின்னதாக, நடுவில் லேசாகக் குழிந்த இரும்புக்கல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான தோசைக்கல்லில் முட்டை பரந்து ஓரம் கருகும். மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்த தோசையும் எழும்பாது. நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு ஒரு சொட்டு நீர் தெளியுங்கள். சுர்ரென்று உடனே வற்றினால் பதம். முத்து மாதிரி உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, தீயைக் குறைத்துக் கொஞ்சம் ஆறவிடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதைப் பாதி வெங்காயத்தால் கல் முழுக்கத் தேய்த்துவிடுங்கள்.

முட்டையை நேராகக் கல்லில் உடைக்காதீர்கள். கிண்ணத்தில் உடைத்து, கல்லை ஒட்டினாற்போல் சரித்து விட்டால் மஞ்சள் உடையாது, கெட்ட முட்டையும் அங்கேயே தெரிந்துவிடும். விட்டதும் தீயைச் சிம்மில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் ஓரம் வெள்ளையாகும். அப்போது கல்லின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம், தெறிக்கும். உடனே மூடி. முக்கால் நிமிடத்தில் ஆவியிலேயே மேல் வெள்ளை இறுகி, மஞ்சள் மேல் மெல்லிய ஆடை படியும். எண்ணெயை அள்ளி ஊற்றும் வேலையை ஆவி பார்த்துக்கொள்கிறது. இன்னும் ஒன்றரை இரண்டு நிமிடம் மூடியே விட்டால் மஞ்சளும் கெட்டியாகும், திருப்பிப் போட வேண்டியதே இல்லை.

ஓரம் பழுப்பேறி வலை வலையாக வந்தால் தீ அதிகம். பார்க்க நன்றாக இருக்கும், கடித்தால் ரப்பர்.

வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறதென்றால் முட்டை பழசு. சேலத்து வெயிலில் வெளியே வைத்த முட்டையின் கெட்டி வெள்ளை சீக்கிரம் இளகிவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் வெளியே எடுத்து வியர்க்கவிட்டு மறுபடி உள்ளே வைக்காதீர்கள். அந்த ஈரத்தோடு கிருமியும் ஓட்டின் துளை வழியே உள்ளே போகும்.

அம்மாப்பேட்டை வாசி:

நன்றிங்க. ஸ்டெயின்லெஸ் கடாயில் வராதா? ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊர், வீடு முழுக்க அதுதான். நாட்டுக்கோழி முட்டை வாங்கினால் சத்து அதிகமா?

இரும்புக்கல்:

வரும், பக்குவம் வேறு. எண்ணெய் இல்லாமல் காயவைத்து, நீர்ச்சொட்டு முத்தாக உருளும்வரை பொறுங்கள். ஸ்டீலில் அதுதான் அடையாளம். பிறகு அடுப்பை அணைத்து அரை நிமிடம் ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, சிம்மில் முட்டை. விட்ட கையோடு கிளறக் கூடாது, அடி இறுகினால் தானே பெயரும். நான்ஸ்டிக் என்றால் வெறும் கல்லைக் காயவிடாதீர்கள், 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும்.

சத்துக்கணக்கு:

நாட்டு முட்டை சிறியது, அளவுக்கு மஞ்சள் கரு பெரியது. கிராம் கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மஞ்சள் ஆழ்ந்த நிறமாக இருப்பது கோழி தின்ற தீனியால்; மக்காச்சோளமும் பச்சிலையும் தின்றால் நிறம் ஏறும். ருசிக்காக வாங்குங்கள், மருந்து என்று வாங்காதீர்கள்.

ஏற்காட்டு மிளகு:

அவித்ததா, கல்லில் போட்டதா என்ற கேள்விக்கு மலைமேல் ஒரு சங்கதி உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 10 நிமிடத்தில் கெட்டியாகும் முட்டைக்கு இங்கே 12, 13 நிமிடம். சேலத்துக் கணக்கில் எடுத்தால் நடுவில் பிசுபிசுப்பாக நிற்கும். கல்லில் போடும் முட்டைக்கு இந்த வம்பு இல்லை, எண்ணெயின் சூட்டை உயரம் குறைப்பதில்லை. மூடியிட்ட ஆவிக்கு மட்டும் கால் நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிளகை இறக்கியபின் இடித்துத் தூவுங்கள். கல்லிலேயே போட்டால் கருகிக் கசக்கும். எங்கள் காபித் தோட்ட மிளகு என்றால் ஒரு சிட்டிகையில் உப்பைக்கூடப் பாதியாக்கிவிடலாம். முட்டையோடு சேர்த்தே காபி குடிப்பதை மட்டும் தள்ளிப் போடுங்கள், ஒரு மணி நேரம் போகட்டும். முட்டையின் இரும்புச்சத்து சரியாகச் சேராது என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான், காபி அதையும் தடுக்கும்.

பாதுகாப்பு முதல்:

ஒருவரும் சொல்லாமல் விட்டது: உங்கள் குழந்தைக்கும் அம்மாவுக்கும் ஆஃப்பாயில் வேண்டாம், ஃபுல்பாயில்தான். சால்மொனெல்லா என்ற கிருமி சாக முட்டை முழுக்க 71 டிகிரியைத் தொட வேண்டும். மஞ்சள் ஓடுகிறதென்றால் அந்தச் சூடு வரவில்லை. 5 வயதுக்குக் கீழ், 65க்கு மேல், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்கு மஞ்சள் இறுக வேண்டும். கலக்கிக்கும் அதே விதி, சால்னா சூடாக இருக்கிறது என்பது கணக்கில் வராது. கீறல் விட்ட முட்டை மலிவாகக் கிடைக்கும். ஆஃப்பாயிலுக்கு அதைத் தொடவே கூடாது.

கொலஸ்ட்ரால் பற்றி: ஒரு முட்டையில் சுமார் 186 மில்லிகிராம், அவ்வளவும் மஞ்சளில். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் நிறைகொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. ஆரோக்கியமானவர் தினமும் ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்று அமெரிக்க இதய சங்கம் 2019ல் சொன்னது. நீங்கள் இருவரும் இரண்டு சாப்பிடுகிற நாளில் மதியம் மட்டன், நெய் என்று அடுக்காதீர்கள். இல்லையென்றால் ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளையும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், கடைசி லிபிட் (இரத்தக் கொழுப்பு) பரிசோதனையைக் காட்டி வாரத்துக்கு எத்தனை என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள். முட்டையில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லாததால் அது நேரடியாகச் சர்க்கரையை ஏற்றாது. நாலு இட்லியை மூன்றாக்கி, அந்த இடத்தில் ஒரு ஃபுல்பாயில் வைத்தால் அவருக்கு லாபம்தான்.

அம்மாப்பேட்டை வாசி:

புரிந்ததுங்க. காலையிலேயே போட்டு டிபன் பாக்ஸில் ஆபீசுக்கு எடுத்துப் போகலாமா?

பாதுகாப்பு முதல்:

ஆஃப்பாயில் கூடாது. ஃபுல்பாயில் ஆனாலும் வெளியே இரண்டு மணி நேரம்தான், சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். ஆபீசில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.