பொருள்: பயோமார்க்கருக்குத் தமிழ் – வியாழனுக்குள் வேண்டும்

செ.:
அனைவருக்கும் வணக்கம். அவசரப் பிரிவுச் செவிலியருக்காகக் குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வெள்ளணு எண்ணிக்கை, சி.ஆர்.பி. போன்ற...' என்ற இடத்தில் நிற்கிறேன். நோய்க்கு அடையாளமாக இரத்தத்தில் பார்க்கும் இந்த அளவுகளை, அதாவது பயோமார்க்கரை, தமிழில் எப்படிச் சொல்வது? 'உயிர்க்குறி' என்று எழுதியிருந்தேன். "உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அடித்துவிட்டேன்.

வே.:
குருதிகாட்டி. திசைகாட்டி, நாட்காட்டி எல்லாம் நாவில் பழகியவை. தனியாக விளக்க வேண்டாம்.

இரா.:
வே. ஐயா, குருதிகாட்டி என்றால் குருதியைக் காட்டுவது என்றாகிவிடும். அதைவிட, 'காட்டி' அளவுக்கு மீறி உறுதி சொல்கிறது. சி.ஆர்.பி. கல்லீரலில் உண்டாகும் புரதம். நிமோனியாவிலும் ஏறும், குடல்வாலிலும் ஏறும். போன மாதம் இரவுப் பணியில் ஒரு பையன் வந்தான். மாலையில் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, பதினோரு மணிக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. அங்கே அழுத்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். வெள்ளணு 14,000. சி.ஆர்.பி. இயல்பு. அது ஏற நேரம் பிடிக்கும். காலையில் எடுத்தபோது ஏறியிருந்தது. குடல்வால் அழற்சிதானா என்று கணிக்க 1986இல் வந்த அல்வராடோ மதிப்பீட்டில் மொத்தம் 10 புள்ளி. வெள்ளணு 10,000ஐத் தாண்டினால் 2, வலது அடிவயிற்றைத் தொட்டால் வலிப்பதற்கும் 2. இரத்தம் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. அதனால் 'சுட்டி' என்பேன். அ, இ, உ என்ற சுட்டெழுத்துகள் பொருளின் பெயரைச் சொல்வதில்லை, 'அங்கே பார்' என்று கை நீட்டுகின்றன. இவையும் அப்படித்தான்.

வே.:
நல்ல விளக்கம். அப்படியானால் 'அழற்சுட்டி' இன்னும் பொருந்தும். அழற்சி அழலிலிருந்து வந்தது. சித்த மருத்துவத்தில் வளி, அழல், ஐயம் என்கிறோமே, அந்த அழல். சுட்டியிலும் சுடுதல் இருக்கிறது.

ந.:
இல்லை ஐயா. சுட்டினான் வேறு, சுட்டான் வேறு. சுடு என்பது ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டும். சுட்டு என்பதே தனிப் பகுதி. அழற்சுட்டி என்றால் நெருப்புச் சுட்டது என்றுதான் வாசிப்பார்கள். தவிர, சுட்டி என்றால் இன்று கணினி மவுஸ், இல்லாவிட்டால் குறும்புப் பிள்ளை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அந்த வழியில் வந்த நாங்கள் 'குறிப்பான்' என்று துணிந்து ஆக்கலாம்.

செ.:
குறிப்பானை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். குறிப்பெடுப்பவரா என்றார்கள். 'இரத்தச் சுட்டி' உடனே புரிந்தது.

வே.:
இரத்தம் வடசொல். குருதி இருக்கும்போது ஏன்?

செ.:
ஐயா, வார்டில் யாரும் குருதி எடுக்கச் சொல்வதில்லை. 'ரத்தம் எடுங்க' என்பதுதான் பேச்சு. நள்ளிரவில் கையேட்டைப் புரட்டுகிறவளுக்கு அந்த வரியில் தடுக்கக் கூடாது.

இரா.:
சரி, எனக்கு இரத்தச் சுட்டி சம்மதம். கூடவே ஒரு வரி சேருங்கள் அம்மா: 'வலி தொடங்கிச் சில மணி நேரமே ஆகியிருந்தால், சுட்டிகள் இயல்பாக இருப்பதை வைத்து மட்டும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, வயிற்றை மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும்.'

செ.:
சேர்த்துவிட்டேன். முதல் இடத்தில் 'இரத்தச் சுட்டி எனப்படும் பயோமார்க்கர்' என்று போட்டிருக்கிறேன்.

வே.:
அடுத்த பதிப்பிலாவது குருதிச்சுட்டி ஆக்குங்கள்.

ந.:
குறிப்பானை நான் விடவில்லை.