ஸ்டெப்னியில் 80-ஐத் தாண்டலாமா?

வைகைக்கரை:
போன வாரம் சென்னையிலிருந்து மதுரைக்குக் குடும்பத்தோடு வந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் இடப்பக்க முன் டயர் ஓர் இரும்புத் துண்டில் ஏறிப் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. பஞ்சர் ஒட்ட வழியே இல்லை. ஸ்டெப்னியை மாட்டினோம். வண்டியில் ஓடுவது 195/55 ஆர்16 (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்), அலாய் வீல். ஸ்டெப்னியோ 165/80 ஆர்14, இரும்பு ரிம். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மதுரை வரை 100, 110-இல்தான் வந்தேன். ஸ்டியரிங் நடுங்கவில்லை, டயர் சூடாகவும் இல்லை. கம்பெனிகள் வழக்கிலிருந்து தப்பிக்க ஒட்டும் ஸ்டிக்கர் இது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

கருமலை:
மறுக்கிறேன். வழியில் எங்காவது பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டி வந்ததா? வந்திருக்காது. நேர் சாலையில் சீராக ஓடும்போது எந்த டயரும் நல்ல டயர்தான். அந்த 80 அவசர நேரத்துக்காகப் போட்டது.

வைகைக்கரை:
கணக்கைப் பாருங்கள் சார். 195/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 165/80 ஆர்14 டயருக்குச் சுமார் 620. வித்தியாசமே இல்லை. இது கடையில் கிடைக்கும் சாதாரண கார் டயர். மேலே 85டி (85T) என்று அச்சிட்டிருக்கிறது. 85 என்றால் 515 கிலோ தாங்கும். கடைசி எழுத்தான 'டி' 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதன் குறியீடு. 190 தாங்கும் டயரை 80-இல் ஓட்டு என்றால் என்ன நியாயம்?

பொன்மலைப் பட்டறை:
இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்பி சொல்வது அவருடைய ஸ்டெப்னிக்கு மட்டுமே பொருந்தும். அளவுக்கு முன்னால் 'டி' என்று தொடங்கும் டயர்கள் வேறு இனம். டி125/70, 15 அங்குலம் என்பதுபோல் போட்டிருக்கும். முன்னால் வரும் 'டி' தற்காலிக டயர் என்பதன் அடையாளம். பின்னால் வரும் 'டி'தான் வேகக் குறியீடு. இரண்டையும் குழப்பிக்கொண்டு 190 தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அந்தத் தற்காலிக டயரில் பட்டன் (தரையில் பதியும் வரிப்பள்ளம்) ஆழமே குறைவு. காற்று 60 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். பட்டறைக்கு வரும் கார்களில் டிக்கியைத் திறந்து கேஜை வைத்தால் பாதிகூட இருக்காது. பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிப்பவரும் மற்ற டயர்களுக்குப் பிடிக்கும் 33-ஐயே இதற்கும் பிடித்து அனுப்பிவிடுவார். 205/55 ஆர்16 ஓடும் வண்டியில் இதை மாட்டினால் 632-க்குப் பதில் 556 மில்லிமீட்டர் விட்டம். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 70 சுற்று அதிகம் சுழலும். முன் சக்கரத்தில் மாட்டினால் அவ்வளவு வித்தியாசத்தையும் டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பு) பற்சக்கரங்கள் இடைவிடாமல் சமாளிக்க வேண்டும். வண்டியும் அந்த மூலையில் 38 மில்லிமீட்டர் இறங்கி நிற்கும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது போதும், அடியில் இடிக்க.

கருமலை:
வைகைக்கரை, விட்டம் ஒன்று என்பதை ஏற்கிறேன். டயர் வெடிக்காது என்பதையும் ஏற்கிறேன். நான் பேசுவது பிடிமானத்தைப் பற்றி. வலது முன் சக்கரம் 195 அகலம், இடது 165. ஒன்று 55 தொடர், விறைப்பாக நிற்கும். மற்றது 80 தொடர், உயரமான பக்கவாட்டு வளைந்து கொடுக்கும். திடீரென்று பிரேக் அடித்தால் பிடிமானம் கூடிய பக்கத்துக்கு வண்டி இழுக்கும். உங்கள் வண்டியில் அது வலப்பக்கம். அங்கே மீடியன், அல்லது முந்திச் செல்லும் பஸ். ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிமானத்தை அது கொண்டுவராது. 80-இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு இயக்க ஆற்றல் 110-இல் இருக்கிறது. அவ்வளவையும் சமமில்லாத இரண்டு டயர்கள் அடக்க வேண்டும்.

தென்றல்பாதை:
ஒரு கிளைச்செய்தி. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் 3.5 டன் வரையுள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 அக்டோபர் முதல் விதி மாறியிருக்கிறது. கிட்டில் வரும் பசை ஆணிக் குத்தை அடைக்கும். வைகைக்கரைக்கு நேர்ந்த பக்கவாட்டுக் கிழிசலை அடைக்காது. வண்டி வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

பொன்மலைப் பட்டறை:
இன்னொன்று. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை. ஸ்டெப்னியை முன்னால் மாட்டாதீர்கள். பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போடுங்கள். திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன் சக்கரங்களின் வேலை.

வைகைக்கரை:
அண்ணா, நெடுஞ்சாலை ஓரத்தில் குழந்தைகளை நிறுத்திவைத்துவிட்டு இரண்டு முறை ஜாக்கி வைக்கச் சொல்கிறீர்களா? லாரிகள் உரசிக்கொண்டு போகிற இடம் அது. ஸ்டெப்னியில் 100-இல் போவதைவிட அங்கே கூடுதலாகக் கால் மணி நேரம் குனிந்து நிற்பதுதான் ஆபத்து.

கருமலை:
இதில் நான் வைகைக்கரை பக்கம். சாலையோரத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். இருட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். 1033-ஐ அழைத்தால் நெடுஞ்சாலை ரோந்து வண்டி வரும். அது வரும்வரை எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு வெளியே நிற்க வேண்டும்.

பொன்மலைப் பட்டறை:
சாலையோரத்திலேயே செய்யச் சொல்லவில்லை. கிழிந்த சக்கரத்தின் இடத்திலேயே ஸ்டெப்னியை மாட்டி, 50-க்குள் உருட்டிக்கொண்டு அடுத்த சுங்கச்சாவடிக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ வந்துவிடுங்கள். விளக்கு வெளிச்சத்தில், சமதளத்தில் மாற்றிக்கொள்ளலாம். நட்டுகளை இன்னொரு முறை இறுக்கவும் அதுதான் இடம். அலாய் வீலுக்குரிய நட்டு சில வண்டிகளில் இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது, அதையும் கையேட்டில் பாருங்கள். தம்பி மதுரை வரை போயிருக்கவே வேண்டியதில்லை. பெரம்பலூரிலும் திருச்சியிலும் டயர் கடைகள் இருக்கின்றன.

வைகைக்கரை:
பங்க்கில் மாற்றுவது நல்ல யோசனை, ஏற்கிறேன். மழையிலும் முழுச் சுமையிலும் 80 என்றால் அதற்கும் சரி. காய்ந்த நேர் சாலையில், என் டயர் அளவுக்கு, 100 போகக் கூடாது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

கருமலை:
அந்தக் காய்ந்த நேர் சாலையில்தான் மீடியன் இடைவெளியிலிருந்து டி.வி.எஸ். 50 குறுக்கே வருகிறது. பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் பால் கேன். விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை பகலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எத்தனை ஊருக்கு அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது என்று தெரியும். அவர்களுக்காக நீங்கள் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். 80-இல் மிதியுங்கள்.