பழைய புல்லட் 350: கட்ஜன் பின் பிடிமானம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேள்வி – காஸ்ட்அயர்ன்350

நண்பர்களுக்கு வணக்கம். திருவொற்றியூர் ஆலையில் உருவான, 1970களின் புல்லட் 350 ஒன்றின் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சிலிண்டரை போரிங் செய்து, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனை அதற்குரிய புதிய கட்ஜன் பின்னுடன் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் எஃகுத் தண்டு; இனி வெறும் 'பின்') வாங்கியாயிற்று. பிக் எண்டில் (கனெக்டிங் ராடின் கீழ்முனையில்) ஆட்டம் இல்லாததால் கனெக்டிங் ராடை மாற்றவில்லை. பின்னை பிஸ்டனில் செலுத்தினால், எதையும் சூடாக்காமல், கட்டைவிரலால் நன்கு அழுத்தினாலே போய்விடுகிறது. ராடின் மேல்முனையில் பின்னைத் தாங்கும் வெண்கல வளையமான ஸ்மால் எண்ட் புஷ்ஷிலோ அது தானாகவே வழுக்கி இறங்குகிறது. நுனியைப் பிடித்து அசைத்தால் லேசான ஆட்டமும் தெரிகிறது. புஷ்ஷில் பின் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று லேத் பட்டறையில் சொல்கிறார்கள். வேறொரு மெக்கானிக், பிஸ்டனில் இவ்வளவு எளிதாகப் போவதே தவறு, பிஸ்டனை மாற்றிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் – ஒற்றைசிலிண்டர்

வணக்கம். பிஸ்டனை மாற்ற வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது புஷ்ஷை. இந்த இன்ஜினில் பின் இரு பக்கமும் மிதப்பது, அதாவது ஓடும்போது பிஸ்டனிலும் சுழலலாம், புஷ்ஷிலும் சுழலலாம். பக்கவாட்டில் நகர்ந்து சிலிண்டரைக் கீறாமல் தடுப்பவை, பிஸ்டன் துளையின் இரு முனைகளிலும் உள்ள பள்ளங்களில் உட்காரும் கம்பி வளையங்களான இரண்டு சர்க்கிளிப்புகள் மட்டுமே. ஆனால் பிஸ்டன் அலுமினியம், பின் எஃகு. சூடேறும்போது அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், சுமார் 19 மி.மீ. துளையில், வெப்பநிலை 80 டிகிரி உயர்ந்தால் 0.017 மி.மீ. அளவுக்கு இடைவெளி தானாகவே உண்டாகிவிடும். ஆகவே குளிர்ந்த நிலையில் பிஸ்டனில் இடைவெளி ஏறத்தாழ இல்லாமலிருப்பதே சரி. வெண்கலப் புஷ் அவ்வளவு விரியாது. அதை எஃகு ராடும் சுற்றிலும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. எனவே எண்ணெய்ப் படலத்துக்கான இடத்தைக் குளிர்ந்த நிலையிலேயே விட்டாக வேண்டும். அங்கே இறுக்கமாகப் போட்டால் பின் பிடித்துக்கொள்ளும்.

இந்த இன்ஜின் பிறந்த இங்கிலாந்தின் குளிரில் எழுதப்பட்ட அறிவுரைகளை நம் ஊர்ப் பட்டறையில் படிக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி. சென்னையில் 35 டிகிரியில் அதே பிஸ்டன் துளை, பின்னோடு ஒப்பிட, ஏறத்தாழ 0.003 மி.மீ. தளர்ந்து தெரியும். அங்கே சூடாக்கினால் மட்டும் போகும் பின், இங்கே கட்டைவிரல் அழுத்தத்துக்கு இணங்குவதில் வியப்பில்லை. தானாக விழாமல், ஆட்டமும் இல்லாமல், அழுத்தினால் மட்டும் நகருமானால் உங்கள் பிஸ்டன் நல்ல பிஸ்டன்தான்.

பதில் – போர்கேஜ்

மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆனால் புஷ் தேய்ந்ததா என்பதைக் கையுணர்வை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் இருந்தால் ஆட்டம் மறைந்துவிடும். ஆகவே பின்னையும் புஷ்ஷையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு துடைத்து, ஓர் இரவு ஒரே அறையில் வைத்துவிட்டு, காலையில் அளவெடுங்கள். பின்னை மைக்ரோமீட்டரால் நடுவிலும் இரு ஓரங்களிலும், புஷ்ஷை போர் கேஜால் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) அதே மூன்று இடங்களிலும் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழாக ஓர் அளவும், அதற்குக் குறுக்கே ஓர் அளவும் தேவை. எரியும் வாயுவின் அழுத்தம் முழுவதும் ராடின் நீளவாக்கில் விழுவதால் புஷ் அந்தத் திசையில்தான் நீள்வட்டமாகத் தேயும். குறுக்கே அளந்தால் புதிது போலவே காட்டும். இந்த அளவுள்ள பின்னுக்குப் புதிய புஷ்ஷில் 0.012 முதல் 0.025 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் போதும்.

காஸ்ட்அயர்ன்350

அளந்துவிட்டேன், நன்றி. பின் எல்லா இடத்திலும் 19.05 மி.மீ. புஷ்ஷின் நடுவில், குறுக்கே 19.07, மேலிருந்து கீழாக 19.09. இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக 19.11 வரை போகிறது. பழைய பின்னின் நடுப்பகுதியில் நகத்தை ஓட்டினால் படிபோல் ஒரு விளிம்பு தட்டுப்படுகிறது.

பதில் – ஒற்றைசிலிண்டர்

அப்படியென்றால் புஷ் போய்விட்டது. இதை அப்படியே பூட்டியிருந்தால், இன்ஜின் சூடான பிறகும் அடங்காத மெல்லிய தட்டல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். பிஸ்டன் தட்டும் சத்தம் பெரும்பாலும் சூடேறியதும் குறைந்துவிடும், இது குறையாது.

மாற்றும்போது சுத்தியலைத் தொடாதீர்கள், ராட் வளைந்துவிடும். நீண்ட போல்ட், நட்டு, ஒரு பக்கம் பழைய புஷ்ஷை விழுங்கும் அளவுக்கு அகலமான குழாய்த் துண்டு ஆகியவற்றை வைத்து இழுத்தால், புதியது உள்ளே வர வரப் பழையது மறுபக்கம் வெளியேறும். ராடின் எண்ணெய்த் துளைக்கு நேராகப் புஷ்ஷின் துளை அமைய வேண்டும் என்பதால், இழுப்பதற்கு முன்பே இரண்டிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் புஷ் சற்றுச் சுருங்கும். அதன் பிறகுதான் ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட வேண்டும், அதுவும் சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் பின்னைச் செருகிப் பார்த்தபடி. கிராங்க் கேஸின் (இன்ஜினின் கீழ்க்கூட்டின்) வாயைத் துணியால் அடைக்க மறக்க வேண்டாம். ஒரு வெண்கலத் துகள்கூட உள்ளே விழக்கூடாது.

பதில் – போர்கேஜ்

ரீமர் போட்டதும் ராடின் நேரையும் பார்த்துவிடுங்கள். பின்னின் அளவிலேயே ஒரு நீண்ட எஃகுத் தண்டைப் புஷ்ஷில் செருகி, கிராங்க் கேஸ் வாயின் இரு பக்கமும் சம கனமுள்ள இரண்டு பட்டைகளை வைத்து, பிளைவீலைத் திருப்பித் தண்டை அவற்றின்மேல் இறக்குங்கள். இரு பக்கமும் ஒருசேர உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் ராட் வளைந்திருக்கிறது அல்லது ரீமர் கோணலாகப் போயிருக்கிறது. அந்த நிலையில் பூட்டினால் பின் ஒரே பக்கமாக ஒதுங்கி சர்க்கிளிப்பை இடித்துக்கொண்டே இருக்கும்.

சர்க்கிளிப் இரண்டும் புதியவையாக இருக்கட்டும். பள்ளத்தில் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். முழுச் சுற்றும் பள்ளத்துக்குள் இருந்தால்தான் சிலிண்டரை இறக்கலாம். அதன் திறந்த முனை மேலேயோ கீழேயோ நிற்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது.