சிறுமலை ஏற்றத்தில் பிக்கப் இழுக்கவில்லை; குறைந்த செலவில் பவர் ஏற்ற வழி உண்டா?

வாடிப்பட்டி பிக்கப்:
வணக்கம். கீழமாசி வீதியில் மளிகைச் சரக்கு ஏற்றி சிறுமலைக் கடைகளுக்குப் போடுகிறேன். இறங்கும்போது வாழைத்தார். வண்டி பழைய டர்போ டீசல் பிக்கப், நாலு சிலிண்டர், டீசலை எஞ்சினுக்குத் தள்ளுவது மெக்கானிக்கல் பம்ப், சென்சார் கின்சார் கிடையாது. செகண்ட்ஸில் வாங்கியது. நாலுவழிச் சாலையில் சமாளித்துவிடுகிறது. மலையில் 18 கொண்டை ஊசி வளைவு. ஆரம்ப வளைவுகளிலேயே செகண்ட் பத்தாமல் ஃபர்ஸ்ட் கியருக்கு வர வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதே இல்லை. மிதித்தால் கறுப்புப் புகை. ஒரு மெக்கானிக் பம்ப்பைத் திருகி டீசல் கூட்டலாம் என்கிறார், இன்னொருவர் சிப் போடச் சொல்கிறார், மச்சினன் வேறு எஞ்சினே தூக்கி வைக்கச் சொல்கிறான். கையில் 15,000 ரூபாய்க்கு மேல் இல்லை. எதில் போடலாம்?

பம்ப் ரூம் அண்ணன்:
தம்பி, பம்ப்பைத் தொட விடாதீர்கள். கறுப்புப் புகை என்றாலே போகிற டீசலை முழுசாக எரிக்கக் காற்று பத்தவில்லை என்று அர்த்தம். அதில் இன்னும் டீசலை ஊற்றினால் புகை கூடும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். சமதரையில் தெரியாது. முழு லோடோடு மலையில் மிதித்துக்கொண்டே போனால் பிஸ்டன் உருகும், ஹெட் கேஸ்கட் போகும். அப்புறம் உங்கள் பட்ஜெட்டில் ஒரு சைபர் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிப் உங்களுக்கு ஆகாது. கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிற காமன் ரெயில் வண்டியில் கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னலை மாற்றுகிற சாமான் அது. உங்கள் பம்ப்புக்குக் கம்ப்யூட்டரே இல்லையே!

காற்று போகும் வழியைப் பாருங்கள். முதலில் ஏர் ஃபில்டர். அடுத்து, காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவிலிருந்து, அதை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டு வரை போகும் தடித்த ரப்பர் ஹோஸ். கிளிப் உட்காரும் இடத்தில், அடிப்பக்கமாகத்தான் கிழியும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கையை விட்டுத் தடவ வேண்டும். எண்ணெய்ப் பசை ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ஆளை விட்டு ரேஸ் கொடுக்கச் சொன்னால் 'உஸ்' என்று சத்தம் வரலாம். ஆனால் லோடு இல்லாமல் டர்போ காற்று அவ்வளவாக ஏறாது, அதனால் சத்தம் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

தேனி லோடு:
அண்ணே, நாங்கள் எல்லாம் திருகிவிட்டுத்தான் ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறுகிறோம். ஒன்றும் ஆகவில்லையே?

பம்ப் ரூம் அண்ணன்:
கணவாய் ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும் தம்பி. சிறுமலை அப்படியா? மேலே போகப் போகக் காற்றும் மெலியும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் பவர் குறையும். அந்தக் குறையை டர்போதான் ஈடுகட்டுகிறது. ஹோஸ் கிழிந்திருந்தால் அந்த உதவியும் போச்சு.

உசிலம்பட்டி டிரைவர்:
எஞ்சின் மாற்றுவதை மறந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் வரும். ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் எஃப்சி-யில் (தகுதிச் சான்று சோதனையில்) மாட்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறி.

கிளட்சையும் பாருங்கள். டாப் கியரில் போகும்போது சட்டென்று மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. அப்புறம், டயர் சைஸ் என்ன?

வாடிப்பட்டி பிக்கப்:
கிளட்ச் சரியாகத்தான் பிடிக்கிறது. டயர் 235/75 ஆர்15, முன்பு வைத்திருந்தவர் போட்டது. கதவு ஸ்டிக்கரில் 215/75 ஆர்15 என்று இருக்கிறது.

உசிலம்பட்டி டிரைவர்:
இழுவையில் கொஞ்சம் அங்கேயும் போகிறது. சக்கரத்தின் விட்டம் 3 செ.மீ. கூடிவிட்டது, அதாவது 4 சதவீதம் கியர் உயர்ந்த மாதிரி. பார்க்க கெத்தாக இருக்கும், மலைக்கு ஆகாது. ஓட்டம் இருக்கிற டயரைக் கழற்றி எறிய வேண்டாம். தேய்ந்ததும் பழைய சைஸுக்கு வாருங்கள்.

வாடிப்பட்டி பிக்கப்:
அண்ணன் சொன்ன இடத்திலேயே ஹோஸ் கிழிந்திருந்தது, கிளிப்புக்குக் கீழே இரண்டு விரல் நுழையும். ஹோஸ், கிளிப், ஏர் ஃபில்டர் மூன்றும் மாற்றினேன். லோடோடு போனேன், பெரும்பாலான வளைவுகளில் செகண்டிலேயே ஏறுகிறது. கறுப்புப் புகை நன்றாகவே குறைந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, எஞ்சினும் ஒரு மாதிரி தட்டுகிறது. மீதிப் பணத்தில் அதைப் பார்க்கலாமா?

பம்ப் ரூம் அண்ணன்:
எரியாத டீசல்தான் வெள்ளையாக வருகிறது. சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாலு இன்ஜெக்டரையும் கழற்றி, டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கிற பம்ப் ரூமில் கொடுங்கள். திறக்கிற பிரஷர், ஸ்ப்ரே இரண்டையும் உங்கள் கண்முன்னே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பனி மாதிரி தூவ வேண்டும், சொட்டினால் அந்த இன்ஜெக்டரின் முனையை, அதாவது நாசிலை மாற்றுங்கள். எது எந்த சிலிண்டர் என்று பெயிண்டில் குறி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷர் புதுசுதான் போட வேண்டும், பழையதைத் தேய்த்துப் போட விடாதீர்கள். டேப்பட் கேப்பையும் (வால்வு இடைவெளி) அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள். இதற்கும் புகை அடங்கவில்லை என்றால் டைமிங், கம்ப்ரஷன் பார்க்கலாம், அப்போது எழுதுங்கள்.