கினாபாலு போனால் உச்சி ஏறத்தான் வேண்டுமா?

ரேவதி, ஈப்போ

பள்ளி விடுமுறைக்குச் சபா மாநிலத்துக் கோத்தா கினாபாலுவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. கினாபாலு மலைக்குப் போவதும் உறுதி. வீட்டில் சண்டை எதற்கு என்றால், வீட்டுக்காரரும் அவர் தம்பியும் உச்சி ஏறியே தீர வேண்டும் என்கிறார்கள். நானும் மாமியாரும் பிள்ளைகளும் கீழே பூங்காவிலேயே இருந்துகொள்கிறோம் என்கிறோம். "அவ்வளவு தூரம் போய் ஏறாமல் வந்தால் போனதற்கே அர்த்தமில்லை" என்பது அவர் கட்சி. எனக்கு அங்கே இருக்கும் செடிகொடிகளைப் பார்க்கத்தான் ஆசை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள். ஏறாவிட்டால் பயணம் வீணா?

சிரம்பான் சேகர்

வீணில்லை அக்கா, ஆனால் பாதிப் பயணம்தான். ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. உச்சி 4,095 மீட்டர். அந்த இடைவெளியில் காடு கண்முன்னே மாறிக்கொண்டே வரும். முதலில் ஓக் மரங்களும் பெரணிகளும். அப்புறம் பாசி மூடிய மேகக்காடு. 2,700 மீட்டர் வாக்கில் மண்ணின் நிறமே மாறிவிடும். மரங்கள் ஆள் உயரத்துக்குக் குறுகி, முறுக்கிக்கொண்டு நிற்கும். வில்லோசா என்கிற, பூச்சி பிடிக்கும் குடுவைச்செடி அந்தப் பகுதியில்தான் வளர்கிறது. அதன் வாய் விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பற்கள் போலக் கூர் கூராக இருக்கும். இன்னும் மேலே போனால் வெறும் கருங்கல். அந்தக் கல் இடுக்கிலும் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் பூத்திருக்கும். காரில் போய் 1,500 மீட்டர் உயரத்தில் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது. செடி பார்க்க ஆசை என்றால் அதற்காகவே ஏற வேண்டும் என்பேன்.

காட்டுப்பூனை

சேகர் அண்ணன் வருணித்த காடு அத்தனையும் உண்மை. ஆனால் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்க்கிறார்கள்? இரண்டு நாள், ஓர் இரவு என்பதுதான் வழக்கமான கணக்கு. முதல் நாள் பொழுது சாய்வதற்குள் 3,272 மீட்டரில் இருக்கும் பனலாபான் விடுதியைப் பிடித்தாக வேண்டும். மறுநாள் விடியற்காலை இரண்டரை மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். உதயம் பார்த்து, படம் எடுத்து, அன்றைக்கே அடிவாரம் வரைக்கும் இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வலிக்கும். கண் முழுக்கக் காலடியில்தான் இருக்கும். நான் உயிரியல் ஆசிரியை. மாணவர்களோடு ஏறியபோது வில்லோசா பாதையோரமே இருந்தது. வழிகாட்டி நின்று காட்டினார். பாதிப் பேர் நிற்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பூங்கா உருவானதற்குக் காரணமே செடிகள்தான். லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்வுக்குழு 1961இலும் 1964இலும் கார்னர் என்ற தாவரவியல் அறிஞர் தலைமையில் வந்து இந்த மலையை ஆராய்ந்தது. 1964இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் உயிர்ப்பன்மைக்காகத்தான். பூங்காவின் பரப்பு 754 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் 5,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள். ஆர்கிட் மட்டும் 700 இனத்துக்கு மேல்.

ரேவதி அக்கா, பூங்கா தலைமையகத்தைச் சுற்றியே சிலாவ் சிலாவ், லிவாகு என்று நடைபாதைகள் இருக்கின்றன. மாமியாரால் சிலாவ் சிலாவ் பாதையில் மெதுவாக நடக்க முடியும். ஓடை கூடவே வரும். அங்கே ஒரு பாசி படிந்த கிளையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் பாருங்கள். முதலில் பச்சைதான் தெரியும். ஒரு நிமிடம் கழித்து, அந்தப் பாசிக்குள் குண்டூசித் தலை அளவில் வெள்ளையாக ஏதோ இருப்பது தெரியும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அது முழு ஆர்கிட் பூ. இதழ், உதடு எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓடிக்கொண்டே பார்த்தால் இது கண்ணில் படாது.

சிரம்பான் சேகர்

பார்க்காமல் ஓடுகிறார்கள் என்றால் அது அவர்கள் குறை டீச்சர், மலையின் குறை இல்லை. நான் காலை ஏழரைக்கே வாசலைத் தாண்டிவிடுவேன். ஒவ்வொரு குடிலிலும் உட்கார்ந்து உட்கார்ந்து போவேன். தன் காலால் நடந்து ஏறும்போது காற்று குளிர்வதும் மரம் குட்டையாவதும் உடம்பில் தெரியும். கீழே இருக்கும் மலைத் தோட்டத்தில் பெயர்ப்பலகை குத்திவைத்த செடியைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றாகுமா? மழைக்காடும் உச்சிப் பாறையும் ஒரே நாள் நடையில் அடுத்தடுத்து வருகிற மலை தென்கிழக்கு ஆசியாவில் எளிதில் கிடைக்காது. உடம்பு இடம் கொடுக்கிறவர்களை "கீழேயே இருங்கள்" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

மண்வாசனை

இரண்டு பேருமே "போ" என்றுதான் சொல்கிறீர்கள். நான் போகவே வேண்டாம் என்கிற கட்சி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரோத்ஸ்சைல்டு ஆர்கிட் கதை தெரியுமா? காட்டில் அது கினாபாலுவைச் சுற்றி மட்டுமே வளர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேகரிப்பாளர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அது எங்கே இருக்கிறது என்றே பல பத்தாண்டுகள் வெளியுலகுக்குத் தெரியவில்லை. 1959இல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் திருடர்களும் வந்துவிட்டார்கள். வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்குக் காட்டிலிருந்து எடுத்த செடியைச் சர்வதேச அளவில் விற்கத் தடை உள்ள பட்டியலில் இருக்கிறது. இத்தனைக்கும் அதன் பூவில் உள்ள சிறிய சுரப்பி மயிர்கள் செடிப்பேன் கூட்டம் போலத் தோற்றம் காட்டி, ஒருவகை ஈயை முட்டையிட வரவழைக்கும். அப்படித்தான் அது மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொள்கிறது. அந்த ஈயும் வேண்டும், அந்த ஈரமும் வேண்டும், அந்த மண்ணும் வேண்டும். இவ்வளவு நுட்பமாகப் பிழைக்கிற செடியின் இருப்பிடத்தை இப்போது ஒரு கைப்பேசிப் படமே காட்டிக்கொடுத்துவிடும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, முகநூலில் போட்டுவிடுகிறோம். பார்ப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் இல்லை.

கேகே வாசி

நான் பிழைப்புக்காகக் கோத்தா கினாபாலுவில் குடியேறியவன். மண்வாசனை ஐயாவின் பயம் நியாயமானது. படத்தில் இடக்குறி வேண்டாம் என்பதில் நானும் அவர் பக்கம். ஆனால் "போகாதே" என்பது இந்த மலையைக் காப்பாற்றாது. இதற்கு நடந்த கதையே இருக்கிறது.

மலையின் கிழக்குச் சரிவில் மாமுட் என்ற இடத்தில் செம்புச் சுரங்கம் இருந்தது. 1975 முதல் 1999 வரை தோண்டினார்கள். அதற்காகப் பூங்காவிலிருந்தே நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருக்கும் பினோசுக் மேட்டு நிலமும் அப்படித்தான் போனது. மாட்டுப் பண்ணையும் கோல்ஃப் திடலும் வந்தன. பெரிய பெரிய ஓக் மரங்கள் நின்ற காடு அது. அன்றைக்கு இந்த மலைக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைவு. இன்றைக்குப் பூங்காவின் எல்லையில் கை வைக்க யாராவது நினைத்தால் ஊரே எழுந்து நிற்கும். அடிவாரக் கிராமங்களில் எத்தனையோ குடும்பங்கள் வழிகாட்டியாகவும் சுமைதூக்கியாகவும் விடுதி நடத்தியும் சாப்பிடுகின்றன. காடு நின்றால்தான் அவர்களுக்கு அடுப்பு எரியும்.

வெந்நீர் ஊற்று இருக்கும் போரிங் பக்கம், காட்டுக் கொடியில் ஒட்டி வளரும் ராட்சதப் பூவான ராஃப்லேசியாவும் அப்படியே. முன்பு அதன் மொட்டுகளை மருந்துக்கென்று பறித்து விற்றார்கள். இப்போது தங்கள் நிலத்தில் மொட்டு வைத்தால் கிராமத்தார் சுற்றி வேலி போட்டு, மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பூ விரிந்தால் ஐந்தாறு நாள்தான். சாலையோரம் பலகை வைத்து, உள்ளே விடக் கொஞ்சம் வெள்ளி வாங்குகிறார்கள். அந்தக் காசு கொடுக்க மனம் வராதவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த மொட்டு இன்னும் அந்தக் கொடியில் இருப்பதற்கு விலை அது.

மண்வாசனை

சுரங்கத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சுரங்கம் இல்லாத இடத்தில் விடுதி வருகிறது. சாலை அகலமாகிறது. மலையடியில் இருக்கும் குண்டாசாங் ஊரின் சரிவுகளைப் பாருங்கள், காய்கறித் தோட்டமும் தங்கும் விடுதியும் பூங்கா எல்லைவரை ஏறிவிட்டன. காடு நிற்பதால் வருகிறார்கள், வருவதால் காட்டைச் சுற்றி வெட்டுகிறார்கள். இதற்கு உங்கள் பதில் என்ன?

கேகே வாசி

பதில், எண்ணிக்கைக்கு வரம்பு. உச்சி ஏறுவதற்கு அது ஏற்கெனவே இருக்கிறது. நாளொன்றுக்கு இருநூறு பேருக்கும் குறைவாகத்தான் அனுமதி, வழிகாட்டி இல்லாமல் யாரையும் விட மாட்டார்கள். பூங்காவுக்கு வெளியே வரம்பு இல்லை என்பதுதான் குறை. அதைக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

சேகர் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. இந்த மலை கடசான்டுசுன் மக்களுக்கு இறந்தவர்களின் ஆவி தங்கும் இடம். 2015 மே மாதக் கடைசியில் சில வெளிநாட்டவர் உச்சியில் ஆடையில்லாமல் படம் எடுத்தார்கள். ஜூன் 5 காலையில் 6.0 அளவில் நிலநடுக்கம். 18 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள், மலை வழிகாட்டிகளும் இருந்தார்கள். நிலநடுக்கத்தின் காரணம் பூமிக்குள் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு மேலே மாட்டிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கல் உருண்டுகொண்டிருந்த பாதையில் இறக்கிக் கொண்டுவந்தவர்கள் இந்த ஊர் வழிகாட்டிகள். உச்சியை "வென்றேன்" என்று எழுதுகிறவர்கள் அவர்களிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கட்டும்.

சிரம்பான் சேகர்

நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவன் இல்லை. என் வழிகாட்டி ஏறத் தொடங்குமுன் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார், நானும் நிற்பேன். ஆனாலும் என் கருத்தில் மாற்றம் இல்லை. முறையாக, அவர்கள் கையைப் பிடித்து ஏறுகிறவன்தான் அந்த மலையை மறக்காமல் இருப்பான். அதற்காக வாதாடவும் வருவான்.

காட்டுப்பூனை

வாதாட ஆள் வேண்டும் என்றால் அணில் போன்ற மரமூஞ்சூறைக் காட்டுங்கள், பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்!

உலகின் மிகப் பெரிய குடுவைகளைக் கொண்ட செடி நெபெந்தஸ் ராஜா. கினாபாலுவிலும், அதே பூங்காவுக்குள் இருக்கும் தம்புயுகோன் மலையிலும் மட்டுமே காட்டில் வளர்கிறது. ஒரு குடுவையில் மூன்று லிட்டர் நீருக்கு மேல் பிடிக்கும். 1858இல் ஹியூ லோவும் ஸ்பென்சர் செயின்ட் ஜானும் அதற்குள் ஓர் எலி செத்து மிதப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து எலி தின்னும் செடி என்றே பெயர். உண்மையில் நடப்பது வேறு. குடுவையின் மூடிக்கு அடியில் இனிப்பான கசிவு சுரக்கும். மலை மரமூஞ்சூறு வந்து குடுவை விளிம்பில் ஏறி, மூடியை நோக்கி முகத்தை வைத்து நக்கும். மூடி எட்ட வேண்டுமானால் அதன் பின்பக்கம் சரியாகக் குடுவை வாய்க்கு மேலே வந்தாக வேண்டும். நக்கிக்கொண்டே உள்ளே எச்சம் போட்டுவிட்டுப் போகும். செடிக்கு வேண்டியது அதுதான். நிக்கல் மிகுந்த, ஊட்டம் இல்லாத மண்ணில் அதற்குத் தழைச்சத்து அந்த எச்சத்திலிருந்து கிடைக்கிறது. பகலில் மரமூஞ்சூறு வந்தால் இரவில் மலை எலி வரும். குடுவையின் அளவே அந்த விலங்கின் உடம்புக்குப் பொருந்த அமைந்திருக்கிறது.

சேகர் அண்ணா, இந்தக் கதையின் முக்கியப் பாத்திரமான ராஜா உங்கள் திம்போஹோன் பாதையில் வளரவில்லை. உச்சி ஏறினால் எல்லாம் பார்த்ததாகும் என்ற கணக்கு அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. முன்பு மெசிலாவ் பக்கம் ஓர் ஏற்றப் பாதை இருந்தது. 2015 நிலநடுக்கம் அதைச் சிதைத்துவிட்டது.

ரேவதி, ஈப்போ

எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சேகர் அண்ணன் பகுதி வந்தபோது மட்டும் "இன்னொரு தரம் வாசி" என்றார். அவரும் கொழுந்தனும் ஏறட்டும், நாங்கள் கீழே இருக்கிறோம். குழந்தைகளுக்கு அட்டைக்கடி பயம். அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

காட்டுப்பூனை

நீளக் காலுறை போதும், ரத்தம் குடிக்கும் அட்டை தலைமையக உயரத்தில் பெரிதாகத் தொல்லை தராது. போரிங் பக்கம் மழைக்குப் பிறகு கவனமாக இருங்கள். மழையில் பாதையில் அரை மீட்டர் நீளத்தில் ஆரஞ்சுச் சிவப்பாக ஏதாவது நெளிந்தால் யாரும் கத்த வேண்டாம். கினாபாலு ராட்சத அட்டை அது, மனிதரைக் கடிக்காது. அங்கே இருக்கும் ராட்சத மண்புழுவை மட்டும் முழுசாக விழுங்கும். அதைப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். காலை நேரத்திலேயே நடந்துவிடுங்கள், பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும். கைலென்ஸ் மறக்க வேண்டாம்.

சிரம்பான் சேகர்

அண்ணனிடம் சொல்லுங்கள்: விடுதிப் படுக்கை கிடைத்தால்தான் ஏற்றம், விமான டிக்கெட்டுக்கு முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும். இன்றைக்கே கூப்பிட்டுக் கேட்கட்டும். இறங்கும்போது முட்டிக்குக் கைத்தடி கட்டாயம். லாயாங் லாயாங் குடிலைத் தாண்டியதும் தலையைத் தூக்கிப் பாதையோரம் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்வாசனை

படத்தில் இடக்குறியை அணைத்துவிட்டுப் போங்கள் அம்மா. மற்றபடி நான் சொன்னது சொன்னதுதான்.